மாணவர்களே இல்லாத ஊருக்குக் கப்பல் ஏறிய டீச்சர்! - கனடாவின் மார்கரீத் பூர்ஜுவா கதை

உங்களுக்கு ஒரு வேலை வாய்ப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை: ஸ்கூல் டீச்சர். இடம்: கடல் தாண்டி, கப்பலில் இரண்டு மாதப் பயணம். சம்பளம்: கிடையாது. தங்குமிடம்: போய்ப் பார்த்துக்கலாம். வானிலை: குளிர்காலத்தில் மைனஸ் இருபதுக்கும் கீழே போகும். மாணவர்கள்: இப்போதைக்கு யாரும் இல்லை.

இப்படி ஒரு மெயில் வந்தால் ஸ்பேம் என்று தள்ளிவிட்டுப் போய்விடுவோம், இல்லையா? ஆனால், 1653-ல் பிரான்ஸ் நாட்டில் ஒரு பெண் இந்த வேலைக்கு உடனே சரி சொன்னார். அப்போது அவருக்கு வயது 32. கல்யாணம் ஆகவில்லை. கன்னியர் மடத்திலும் சேரவில்லை. கையில் ஒரு சின்ன மூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் பெயர் மார்கரீத் பூர்ஜுவா. இன்றைக்குக் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் முதல் பள்ளியைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால், அங்கிருக்கும் பள்ளிக் குழந்தைகள் சொல்லும் பெயர். ஆனால், அவரது வாழ்க்கையைப் படிக்கும்போது கடல் பயணமோ குளிரோ பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. அவர் நாற்பது வருடங்களுக்கும் மேலாக விடாமல் போராடியது வேறொரு விஷயத்துக்காக. அது ஒரு சுவர்!

மெழுகுவத்திக்காரர் வீட்டுப் பெண்

பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியில் த்ருவா என்று ஒரு ஊர். அங்கே 1620 ஏப்ரல் 17 அன்று பிறந்தார் மார்கரீத். அப்பா ஆப்ரஹாம் பூர்ஜுவாவுக்கு மெழுகுவத்தி செய்யும் தொழில். ஊர் நாணயச் சாலையிலும் வேலை பார்த்தார். பெரிய பணக்காரர்கள் இல்லை; சாப்பாட்டுக்குக் குறையில்லாத நடுத்தரக் குடும்பம். வீடு நிறைய குழந்தைகள். மார்கரீத்தின் டீன் ஏஜ் முடியும் நேரத்தில் அம்மா இறந்துவிட, வீட்டுப் பொறுப்பும் சின்னத் தம்பி தங்கைகளும் அவர் கைக்கு வந்தன.

சின்ன வயதிலிருந்தே பக்திப்பழம் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக உடுத்திக்கொள்வது, தோழிகளோடு கலகலவென்று இருப்பது எல்லாம் அவருக்குப் பிடிக்கும். ஊரில் ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண்கள் குழு ஒன்று இருந்தது. அதில் சேரக் கூப்பிட்டபோது முதலில் மறுத்துவிட்டார். ரொம்ப பக்திமான் என்று பெயர் வந்துவிடுமோ என்று கூச்சம்.

1640 அக்டோபரில் ஒரு ஜெபமாலை ஊர்வலம். அதில் நடந்து போகும்போது, ஒரு தேவாலய வாசலுக்கு மேலே இருந்த மாதா சிலையை ஏறிட்டுப் பார்த்தார். அதற்கு முன்பு எத்தனையோ முறை பார்த்த சிலைதான். ஆனால், அன்றைக்கு அதன் அழகு அவரை என்னவோ செய்துவிட்டது. தன் வாழ்க்கை திசை மாறியது அந்த நிமிடத்தில்தான் என்று பல வருடங்கள் கழித்து எழுதிவைத்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 20.

உடனே கன்னியர் மடத்தில் சேரப் போனார். கார்மெல் சபையில் எடுக்கவில்லை. வேறு இடங்களிலும் கதவு திறக்கவில்லை. கடைசியில், முன்பு வேண்டாம் என்று சொன்ன அதே பெண்கள் குழுவில் போய்ச் சேர்ந்தார்.

சுவர் என்று எதைச் சொல்கிறோம்?

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால்தான் மீதிக் கதை விளங்கும்.

அந்தக் காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு பெண் துறவியாக வேண்டும் என்றால், மடத்துக்குள் போன பிறகு வெளியே வர முடியாது. 16-ம் நூற்றாண்டில் நடந்த திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகு இந்த விதி இன்னும் இறுகியது. உயரமான மதில், கம்பி போட்ட சன்னல், பூட்டிய கதவு. பள்ளி நடத்தலாம், ஆனால், பிள்ளைகள்தான் மடத்தைத் தேடி வர வேண்டும். அப்படி வந்து தங்கிப் படிக்க யாருக்கு முடியும்? பெரும்பாலும் வசதியான வீட்டுப் பெண்களுக்குத்தான். மடத்தில் சேரும் பெண்ணும் கிட்டத்தட்ட வரதட்சணை மாதிரி ஒரு தொகை கொண்டுவர வேண்டும்.

த்ருவா ஊர் மடத்துக் கன்னியர்களும் உள்ளேயேதான் இருந்தார்கள். அதனால், வெளியே இருக்கும் பெண்களைக் கொண்டு ஒரு குழு அமைத்து, ஏழைத் தெருக்களுக்கு அனுப்பினார்கள். மார்கரீத் சேர்ந்தது இந்தக் குழுவில்தான்.

அங்கே வேலை செய்யச் செய்ய அவர் மனதில் ஒரு கேள்வி வளர்ந்தது. இயேசுவின் தாய் மரியாள் எந்த மடத்துக்குள் பூட்டிக்கொண்டு இருந்தார்? கர்ப்பிணியாக இருந்த உறவுக்காரரைப் பார்க்க மலைநாட்டுக்கு நடந்து போனவர்தானே? அப்படியென்றால், ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் துறவியர் ஏன் இருக்கக் கூடாது? அவருக்கு வழிகாட்டிய பாதிரியாரும் இதே எண்ணம் உள்ளவர். மூன்று பெண்களை வைத்து ஒரு முயற்சியும் செய்து பார்த்தார்கள். ஒருவர் இறந்துபோனார், இன்னொருவர் விலகிவிட்டார். திட்டம் அத்தோடு நின்றுபோனது.

ரூம் கிடைக்காத பயணம்

அந்த மடத்தின் தலைமைக் கன்னியரில் ஒருவருக்கு ஒரு சகோதரர் இருந்தார். பெயர் மேசொன்னவ். 1642-ல் வட அமெரிக்காவில் செயின்ட் லாரன்ஸ் நதித் தீவு ஒன்றில் வீல்-மரீ என்ற குடியேற்றத்தை நிறுவியவர். அந்தக் குட்டி ஊர்தான் இன்றைய மான்ட்ரியல். 1652-ல் அவர் த்ருவாவுக்கு வந்தார். ஊர் அழியும் நிலையில் இருந்தது. ஐம்பது பேர் அளவுக்குத்தான் மக்கள். அந்த நிலம் யாருக்கு என்பதில் இரோக்வா மக்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் இடையே தொடர்ந்து சண்டை. ஆட்களைத் திரட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார்.

மடத்துக் கன்னியர்கள் எங்களையும் கூட்டிப் போங்கள் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மதில் சுவர் கட்டவே வழியில்லாத ஊரில் மடத்துக் கன்னியர்களை வைத்து என்ன செய்வது? அவருக்குத் தேவை, சுவர் இல்லாமலும் வாழத் தெரிந்த ஒரு டீச்சர். மார்கரீத் கிளம்பத் தயாரானார்.

தனக்கு வர வேண்டிய சொத்தையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டு, 1653 பிப்ரவரியில் கிளம்பினார். பிரான்ஸுக்குள்ளேயே அந்தப் பயணம் அவ்வளவு சுலபமாக இல்லை. வழியில் ஒரு சத்திரத்தில் தங்க இடம் கேட்டார். தனியாக வந்த பெண் என்ற ஒரே காரணத்துக்காக மறுத்துவிட்டார்கள். சிங்கிள் வுமனுக்கு வீடு கிடையாது என்ற பதிலை சென்னையிலோ பெங்களூரிலோ நீங்கள் கேட்டிருந்தால், இது உங்களுக்குப் புதுக் கதை இல்லை.

ஜூனில் கப்பல் ஏறினார். பெயர் செயின்ட் நிக்கோலா. புதிதாகச் சேர்த்த சுமார் நூறு ஆண்கள் அதில் இருந்தார்கள். பாதிக் கடல்கூடத் தாண்டவில்லை, கப்பலில் ஓட்டை! தண்ணீர் உள்ளே ஏற ஏற, வந்த வழியே திரும்பிக் கரை சேர்ந்தார்கள். மரண பயத்தில் ஆட்கள் ஓடிவிடக் கூடாது என்று அவர்களை ஒரு தீவில் இறக்கிவிட்டுக் கப்பலைப் பழுது பார்த்தார்கள். ஜூலையில் மறுபடியும் பயணம். இந்த முறை நோய் பரவியது. கப்பலிலேயே எட்டு பேர் இறந்தார்கள். நோயாளிகளை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டது மார்கரீத்தான்.

செப்டம்பர் 22 அன்று கியூபெக் வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து நதியில் மேலேறி, நவம்பர் நடுவில் வீல்-மரீ. கனடாவின் குளிர்காலம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. தான் கொண்டுவந்த மெத்தையையும் போர்வையையும் அந்த முதல் குளிர்காலத்திலேயே குளிரில் நடுங்கிய வீரர்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று சொல்கிறார்கள்.

நாலரை வருடக் காத்திருப்பு

டீச்சர் வந்துவிட்டார். பிள்ளைகள்? இல்லை.

அந்த ஊரில் பிறந்த குழந்தைகள் பிழைப்பதே அபூர்வமாக இருந்தது. பள்ளிக்கூட வயது வரும் முன்பே இறந்துவிட்டார்கள். பாடம் சொல்லிக்கொடுக்க ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தவர், அடுத்த நாலரை வருடங்களுக்குப் பாடமே எடுக்கவில்லை.

அப்போது என்ன செய்தார்? மேசொன்னவின் வீட்டைப் பார்த்துக்கொண்டார். வீரர்களின் கிழிந்த துணிகளைத் தைத்துக் கொடுத்தார். அந்த ஊரில் மருத்துவமனை நடத்திய ஜான் மான்ஸ் என்ற பெண்ணுக்கு உதவினார். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஊர்க்காரர்களைக் கூட்டி, எல்லாரும் வந்து போக ஒரு சின்ன தேவாலயம் கட்ட முயன்றார். அதுவும் பாதியில் நின்றது. ஒருவரைக் கூப்பிட்டுக் கல் சுமக்கச் சொன்னார், இன்னொருவரை மரம் அறுக்கச் சொன்னார். கூலி கொடுக்க அவரிடம் காசு கிடையாது, பதிலுக்கு அவர்களுக்குத் துணி தைத்துக் கொடுத்தார்.

வந்த வேலை நடக்கவில்லையே என்று நம்மில் பலர் ஆறு மாதத்தில் ரிட்டர்ன் டிக்கெட் போட்டிருப்போம். இந்த நாலரை வருடங்களில் அவர் வேறொன்றைச் சம்பாதித்தார். ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவரைத் தெரியும். ஒவ்வொரு வீட்டின் கஷ்டமும் அவருக்குத் தெரியும். பின்னால் பள்ளி தொடங்கியபோது யாரும் அவரை அந்நியராகப் பார்க்கவில்லை.

தொழுவத்தில் ஒரு பள்ளிக்கூடம்

1658 ஜனவரியில் மேசொன்னவ் ஒரு கட்டடத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தார். கட்டடம் என்றால் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். காலியாகக் கிடந்த ஒரு மாட்டுத் தொழுவம். கல் சுவர். 36 அடி நீளம், 18 அடி அகலம். நம்ம ஊர் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலில் கால்வாசிகூட இருக்காது.

தொழுவத்தைக் கூட்டிக் கழுவினார். மேலே பரண். அதில் ஏற வெளிப்பக்கம் ஒரு ஏணி. இரவில் அதில் ஏறிப் போய்த்தான் படுக்க வேண்டும். ஏப்ரல் 30 அன்று பள்ளி திறந்தது. பையன்கள், பெண்கள் எல்லாரும் ஒரே இடத்தில். ஃபீஸ் கிடையாது.

படிப்பு, எழுத்து, ஜெபம், கணக்கு, தையல். அந்த ஊரில் வாழத் தேவையான கைவேலையும் சேர்த்துத்தான் பாடம். பிள்ளைகளை அடிப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தண்டனை என்பது எப்போதாவதுதான் இருக்க வேண்டும், அதுவும் அளவோடு என்பது அவரது கொள்கை. பிரம்பு இல்லாத வகுப்பறையை நினைத்துப் பார்க்கவே முடியாத காலம் அது!

பள்ளி ஆரம்பித்த அதே வருடம் அவருக்குப் புரிந்துவிட்டது: ஒற்றை ஆளாக இதை நடத்த முடியாது. கையை உடைத்துக்கொண்டு வைத்தியத்துக்காகப் பிரான்ஸ் போன ஜான் மான்ஸுக்குத் துணையாக அவரும் கப்பல் ஏறினார். த்ருவாவுக்குப் போய்ப் பெண்களைத் தேடினார். அவர் சொன்ன ஜாப் டிஸ்கிரிப்ஷனில் துளிகூட அலங்காரம் இல்லை. ரொட்டியும் சூப்பும் கிடைக்கும், உங்கள் செலவுக்கு நீங்களே உழைக்க வேண்டும், பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்... அவ்வளவுதான். அதைக் கேட்டும் நான்கு பெண்கள் கிளம்பினார்கள். அவர்களுடைய அப்பாக்கள் அழுதபடி அனுப்பிவைத்தார்கள்.

1659-ல் திரும்பிய கப்பல், அதற்கு முன்பு ராணுவ மருத்துவமனையாக இருந்தது. அதை ஒழுங்காகச் சுத்தம்கூடச் செய்யவில்லை. மறுபடியும் கொள்ளை நோய், மறுபடியும் கடலில் மரணங்கள். நான்கு பெண்களும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான கத்ரீன் க்ரோலோ பின்னால் ஒரு பண்ணையையே நிர்வகித்தார். பகலில் பாடம், இரவில் தையல், பண்ணையில் விளைச்சல். யாரிடமும் கையேந்தாமல் பள்ளி நடந்தது இப்படித்தான்.

ராஜாவின் மகள்கள் வந்தபோது...

1663 முதல் பத்து வருடங்களுக்குப் பிரெஞ்சு அரசர் ஒரு திட்டம் நடத்தினார். காலனியில் ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்ததால், கல்யாணம் செய்து குடும்பம் அமைக்கப் பிரான்ஸிலிருந்து இளம் பெண்களைக் கப்பலில் அனுப்பினார்கள். மொத்தம் 800 பேர் அளவுக்கு வந்தார்கள். பலர் அநாதைகள். இவர்களுக்கு ராஜாவின் மகள்கள் என்று பெயர்.

யோசித்துப் பாருங்கள். 16, 17 வயதுப் பெண். தெரியாத நாடு. கரையில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தெரியாத ஆண்கள். மான்ட்ரியலுக்கு வந்த பெண்களை வரவேற்க மார்கரீத் நேரே கரைக்கே போனார். தன் வீட்டில் தங்கவைத்தார். ரொட்டி சுடுவது, அடுப்பு மூட்டுவது, அந்தக் குளிரில் வீடு நடத்துவது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். கல்யாணப் பேச்சும் அந்தக் கூரைக்குக் கீழே, அவர்களது பாதுகாப்பில்தான் நடந்தது. அந்தப் பெண்கள் தாயாவார்கள், அவர்களது குழந்தைகள் பள்ளிக்கு வருவார்கள் என்று அவர் நினைத்தார். அப்படியே நடந்தது.

சற்று வயது வந்த ஏழைப் பெண்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தரும் பள்ளியையும் தொடங்கினார். இன்றைய வொகேஷனல் ட்ரெய்னிங்தான். 1671-ல் பதினான்காம் லூயி மன்னரிடமிருந்து அதிகாரபூர்வ அங்கீகாரம் கிடைத்தது. காலனிக்கு எந்தச் செலவும் வைக்காமல் இலவசமாகக் கற்றுத்தருகிறார்கள் என்பதை அந்த ஆவணமே ஒப்புக்கொள்கிறது. அந்தக் கையெழுத்துக்காக அவர் மறுபடியும் அட்லாண்டிக் தாண்டிப் போய், ஆறு பெண்களோடு திரும்பினார். அதில் மூன்று பேர் அவருடைய சகோதரி மகள்கள்.

சங்கடமான ஒரு பக்கம்

அந்தத் தீவு யாருமில்லாத நிலம் இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக வாழ்ந்த பகுதி. அவர்களைக் கிறிஸ்தவர்களாகவும், முடிந்தால் பிரெஞ்சுக்காரர்களாகவும் மாற்ற வேண்டும் என்பது அன்றைய ஆட்சியின் கொள்கை. மார்கரீத்தின் சகோதரிகளும் மான்ட்ரியல் மலையடிவாரத்தில் பூர்வகுடிப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். முதலில் மரப்பட்டைக் குடிசையில், பிறகு கல் கோபுரத்தில்.

அந்தப் பள்ளியில் படித்த மரி-தெரேஸ் கன்னென்சகுவா என்ற பெண் சபையில் சகோதரியாகவே சேர்ந்து, அதே இடத்தில் தன் மக்களின் பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஆனார். 1695-ல் இளம் வயதிலேயே இறந்தார். ஒரு பூர்வகுடிப் பெண்ணைத் தங்களில் ஒருவராக, டீச்சராக ஏற்றுக்கொண்டது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். அதே நேரம், பூர்வகுடிப் பிள்ளைகளை மாற்றுவதற்காகப் பள்ளி என்ற எண்ணம், இரண்டு நூற்றாண்டு கழித்து அவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்த உறைவிடப் பள்ளிகள் வரை போய்ப் பெரும் காயத்தை உண்டாக்கியது. அந்தப் பள்ளிகளுக்கு மார்கரீத் பொறுப்பு இல்லை. ஆனால், அவர் எந்த ஆட்சியின் நிழலில் வேலை செய்தார் என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைப் படிக்க முடியாது.

எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்

இப்போது அந்தச் சுவர் விஷயத்துக்கு வருவோம்.

பள்ளிகள் பெருகின. மான்ட்ரியலுக்கு வெளியே நதியோர ஊர்களுக்கும் சகோதரிகள் இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். படகிலும், குதிரை மீதும், பெரும்பாலும் நடந்தும். ஆயர் லவாலுக்கு அவர்களது உழைப்பு பிடித்திருந்தது. 1669-ல் காலனி முழுவதும் கற்பிக்க அனுமதி கொடுத்தவரே அவர்தான். ஆனால், மதில் இல்லாத துறவியர் சபை என்பது அவருக்கு நெருடலாகவே இருந்தது. ஏற்கெனவே மடமும் விதிகளும் உள்ள உர்சுலின் சபையோடு சேர்ந்துவிடுங்களேன் என்றார். மார்கரீத் பணிவாக மறுத்தார்.

1683 டிசம்பரில் ஒரு இரவு, சகோதரிகளின் வீடு தீப்பிடித்தது. வீடே போனது. இரண்டு சகோதரிகள் தீயில் இறந்தார்கள். அதில் ஒருவர் அவருடைய சகோதரி மகள். தனக்குப் பிறகு தலைமைப் பொறுப்புக்கு வரக்கூடியவர்கள் என்று எல்லாரும் நினைத்திருந்தவர்கள் அவர்கள் இருவரும்தான். மார்கரீத்துக்கு அப்போது வயது 63.

கையில் காசில்லை, தலைக்கு மேல் கூரையில்லை. இப்போதாவது உர்சுலின்களோடு சேர்ந்துவிடலாமே என்று ஆயர் மறுபடியும் கேட்டார். அவ்வளவு உடைந்துபோயிருந்த நேரத்தில் யார் கேட்டாலும் சரி என்றுதான் வாயில் வரும். மார்கரீத் அப்போதும் மறுத்தார். மதிலுக்குள் போய்விட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏழைப் பிள்ளைக்கு யார் போய்ச் சொல்லிக்கொடுப்பது? வீட்டை மறுபடியும் கட்டினார்கள்.

அடுத்து வந்த ஆயர் சென்-வாலியே 1689-ல் அவரைக் கியூபெக்குக்கு வரச் சொல்லி அனுப்பினார். மான்ட்ரியலிலிருந்து கியூபெக் சுமார் 250 கிலோமீட்டர். மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் தூரம். 69 வயதில் நடந்தே போனார்!

மனம் இருண்ட வருடங்கள்

புனிதர்களின் கதையில் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். நாம் தாண்ட வேண்டாம்.

அதே காலகட்டத்தில், சபையில் ஒரு சகோதரி, இறந்துபோன இன்னொரு சகோதரி தனக்குக் காட்சி தந்ததாகச் சொன்னார். மார்கரீத் பாவ நிலையில் இருக்கிறார், தலைமையை விட்டு இறங்க வேண்டும் என்பது அந்தக் காட்சியின் செய்தி. வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். மார்கரீத் அதை நம்பினார். இத்தனை வருட உழைப்பும் வீண், நானே இந்தச் சபையின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று சில வருடங்கள் உள்ளுக்குள் நொறுங்கிப்போனார். ஜெபம்கூட வரவில்லை. பதவியைவிட்டு இறங்க அனுமதி கேட்டும் உடனே கிடைக்கவில்லை.

70 வயதைத் தாண்டிய, ஊரே கும்பிடும் ஒரு பெண்மணி. உள்ளே இப்படி ஒரு இருட்டு. வெளியே வேலை நிற்கவில்லை. 1693-ல்தான் பொறுப்பு கைமாறியது. புதிய தலைவி மரி பார்பியே, மான்ட்ரியலிலேயே பிறந்து வளர்ந்த பெண். பள்ளிக்கு ஆளே இல்லாத ஊரில் டீச்சராக இறங்கியவருக்கு, அந்த ஊர்ப் பெண்ணே வாரிசாக வந்தார்.

அடுத்த வருடமே ஆயர் சென்-வாலியே புதிய விதிமுறையை நீட்டினார். அதில் மடத்து வாழ்க்கைக்கு உரிய பல நிபந்தனைகள். வரதட்சணைத் தொகையும் உண்டு. சகோதரிகள் மறுத்தார்கள். பேச்சு வார்த்தை, கடிதங்கள் என்று நான்கு வருடங்கள் இழுத்தது. கடைசியில் 1698 ஜூனில் ஒரு விதிமுறை கையெழுத்தானது. கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. தொகை விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால், மதில் சுவர் இல்லை. சகோதரிகள் வெளியே போகலாம், ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கலாம். மறுநாள் 24 சகோதரிகள் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். 78 வயது மார்கரீத் அவர்களில் ஒருவர்.

கடைசி ஜெபம்

1699 டிசம்பர் 31 இரவு. கத்ரீன் ஷார்லி என்ற இளம் சகோதரி சாகும் தறுவாயில் இருந்தார். அந்தச் செய்தியைக் கேட்ட மார்கரீத், பயனில்லாமல் கிடக்கும் என்னை எடுத்துக்கொண்டு இவளை விட்டுவிடக் கூடாதா என்று கடவுளிடம் கேட்டதாகச் சபையில் சொல்கிறார்கள். கத்ரீன் பிழைத்துக்கொண்டார். மார்கரீத்துக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. 1700 ஜனவரி 12 அன்று இறந்தார். கத்ரீன் ஷார்லி அதற்குப் பிறகு பல வருடங்கள் வாழ்ந்து, அந்தச் சபைக்கே தலைவியும் ஆனார். இதை அற்புதம் என்று எடுத்துக்கொள்வதும் தற்செயல் என்று எடுத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம்.

1982 அக்டோபர் 31 அன்று போப் இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதராக அறிவித்தார். கனடாவின் முதல் பெண் புனிதர்.

இன்னொரு சுவாரஸ்யமான விஷயம். மார்கரீத் இறந்ததும், உடலைப் பார்த்தே பியேர் லு பேர் என்ற ஓவியர் ஒரு படம் வரைந்தார். பல தலைமுறைகளாக எல்லாரும் பார்த்தது சாந்தமான, மென்மையான ஒரு முகத்தை. 1960-களில் நிபுணர் ஒருவர் அந்த ஓவியத்தை ஆராய்ந்தபோது, மேலே இருந்தது பிற்காலத்தில் யாரோ பூசிய வண்ணம் என்று தெரிந்தது. சுரண்டி எடுத்தால் அடியில் வேறு முகம். வயதான, வேலை செய்து களைத்த, சுருக்கம் விழுந்த ஒரு பெண். ஃபில்டர் போட்ட போட்டோவுக்கு அடியில் ஒரிஜினல்! இப்போது மக்கள் பார்ப்பது அந்த ஒரிஜினலைத்தான்.

மான்ட்ரியலில் உங்களுக்கு உறவினரோ நண்பரோ இருந்தால், அங்கே போகும்போது பழைய துறைமுகப் பக்கம் இருக்கும் போன்ஸ்கூர் தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். பாதியில் நின்றுபோன தேவாலயத்தை மார்கரீத் பிறகு கல்லால் கட்டி முடித்த அதே இடம். அது எரிந்த பிறகு 1771-ல் எழுந்த கட்டடம் இப்போது இருப்பது. 2005-ல் அவரது எலும்புகளை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்திலேயே அவரது மியூசியம். அந்த ஓவியமும் அங்கேதான் பேசப்படுகிறது. ராஜாவின் மகள்களை வரவேற்ற பண்ணை வீடும் மியூசியமாகி நிற்கிறது. மலையடிவாரத்தில், பூர்வகுடிப் பிள்ளைகள் படித்த கல் கோபுரங்களில் இரண்டு இன்னும் இருக்கின்றன.

அவர் தொடங்கிய சபையின் சகோதரிகள் ஜப்பான், கேமரூன், மத்திய அமெரிக்கா வரை போய் வேலை செய்கிறார்கள். சபைக்கு இன்றைக்கும் மதில் கிடையாது.